பட்டையை மட்டும் பிடித்த வேர்

காஜா பேராங், மலாக்கா
2-6-1958

மதிப்பிற்குரிய மருதப்பன் அவர்களுக்கு,

அன்று காலை யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் அண்ணாமலைச் செட்டியார் வராந்தாவில் சாய்வு நாற்காலியில். அழகம்மை ஆச்சி அவருக்கு வலப்புறம், ரேடியோவுக்குப் பக்கத்தில். அடுத்த வீட்டு மாணிக்கவாசகம் படிக்கட்டில். தச்சர் கருணாகரன் உட்காரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் வீட்டில் கணக்கெழுதும் கிராணியான நான் கடைசி ஸ்டூலில், மரம் நன்றாகத் தெரியும் இடத்தில்.

போன ஆகஸ்டு முப்பத்தொன்று, மலாயாவின் சுதந்திர நாள். ரேடியோவில் மெர்டேக்கா என்ற விடுதலை முழக்கம். எதிரே அங்சானா மரக் கிளைகளில் தொற்றி வளரும் புறாப் பூ வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது.

இந்தப் பூவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மொட்டுகள் வாரக்கணக்கில் வளராமல் தூங்கும். பெருமழை பெய்து திடீரென்று குளிர்ந்தால் விழித்துக்கொள்ளும். ஒன்பதாம் நாள் ஊரில் உள்ள எல்லாச் செடிகளும் ஒன்றாகப் பூத்து, மறுநாள் வாடிவிடும். பதினோரு வருடமாகத் தேதி குறித்து வைத்திருக்கிறேன். அது மரத்தில் இருந்தாலும் மரத்திடம் எதையும் எடுப்பதில்லை. வேர் பட்டையை மட்டும் பிடித்திருக்கும். மழையும் பனியுமே அதற்கு ஆகாரம்.

ஜூலை மாதம் ஒருநாள், கோப்பி குடிக்கும்போது செட்டியார் சொன்னார்:

"நம்ம கிராணியும் இந்தப் பூவும் ஒண்ணுதான்யா. புல்லுருவி. ஒட்டிக்கிட்டு உறிஞ்சியே காலத்த ஓட்டிரும்."

"அது புல்லுருவி இல்லீங்க செட்டியார்" என்றேன்.

"அட, கோவத்தப் பாருய்யா!"

"விடுங்க செட்டியாரே, கிராணி மொகம் சுண்டிப் போச்சு" என்று மாணிக்கவாசகம் சிரித்தார்.

இரண்டு முறை தனியாகவும் விளக்கினேன். ஒரு முறை வேரைப் பிய்த்தெடுத்துக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. தவறான தகவலை மூன்று முறை திருத்தியும் ஒருவர் கேட்காவிட்டால் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி மழை கொட்டியது. ஒன்பதாம் நாள் பூக்கும் என்று செட்டியாரிடம் சொல்லிவைத்தேன். செட்டியாரின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூத்த காலையில் முதல் கொத்தைத் தாமே ஏறி அறுத்து, துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு அனுப்புவார். ஏறி நிற்கக் கருணாகரன் அடித்த பலகை ஒன்று கிளையில் இருந்தது. கருணாகரனின் ரம்பம் என் பின்கட்டு அறையில் இருந்தது. மறுநாள் செட்டியாரும் ஆச்சியும் கோயிலுக்குப் போயிருந்தபோது, பலகையின் அடிப்பக்கத்தை முக்கால்வாசி அறுத்து, மெழுகு தடவி, பாசி ஒட்டினேன். அதைச் சரிசெய்ய எட்டு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் மொட்டுகளைத்தான் போய்ப் பார்த்தேன். நன்றாக வளர்ந்துகொண்டிருந்தன.

"சொன்ன நாள்ல பூத்திருச்சே! புல்லுருவி பாஷை புல்லுருவிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே சுதந்திர நாள் காலையில் செட்டியார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இந்த வயசுல மரமேறணுமா? கருணாகரன ஏறச் சொல்லுங்களேன்" என்றார் ஆச்சி.

அப்போது மட்டும் எனக்குப் பதறியது. ஒரு பாவமும் அறியாதவர் ஏறிவிடக் கூடாதே என்று.

"மொதக் கொத்து நான்தான் அறுக்கணும், தெரியாதா ஒனக்கு?" என்று செட்டியார் ஏணியில் கால் வைத்தார்.

அறுத்த கொத்து முதலில் விழுந்தது. கீழே சிமெண்டு வாய்க்கால். ஆச்சி ரேடியோவை அணைக்க மறந்துவிட்டதால் முழக்கம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அறுத்த தடத்தைப் போலீஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இறப்பதற்கு முந்திய வாரம் செட்டியார் நாலு பேர் முன்னால் கருணாகரனை அறைந்திருந்தார். ரம்பமும் அவருடையது. கோர்ட்டில் கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன். ரம்பம் யார் அறையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வருகிற பதின்மூன்றாம் தேதி கருணாகரனைத் தூக்கிலிடுகிறார்கள். அவர் குற்றமற்றவர். அதை எழுத்தில் தெரிவிப்பது என் கடமை. தெரிவித்துவிட்டேன். விமானத் தபாலில் போட்டால் ஐந்தாறு நாளில் உங்கள் கைக்கு வரும், நீங்கள் ஒரு தந்தி கொடுத்தால் நின்றுவிடும் என்பதையும் யோசித்தேன். ஆனால் வேரோடு உலர்த்திய செடி ஒன்றை அட்டை வைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். விமானத் தபாலின் மெல்லிய உறையில் அது நொறுங்கிவிடும். நீங்களாவது அதைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

எனவே தடித்த உறையில் வைத்து ஒட்டி, கப்பல் தபாலில் சேர்க்கிறேன். மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். தபால் தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்