கேமராவுக்கு ஒரு பொட்டு

நெமிலிச்சேரியில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவளின் போனில், முன்பக்கக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா, போனுக்குப் பொட்டு வெச்சிகீறே?"

"நேத்து சீரியல் பாக்கலியா? அந்த வில்லன் போன் வழியாவே ஊட்ல நடக்குறதெல்லாம் பாத்துகினு கீறான்டி!"

அந்த சீரியலைப் பார்த்த பயம் எனக்கும் இன்னும் போகவில்லை. என் மகள் கையிலும் போன் இருக்கிறது.

"அப்போ ஆஸ்டல்ல கீற உன் பொண்ணு வீடியோல உன் மூஞ்சிய எப்படிப் பாக்கும்?"

"அது கூப்டா பொட்ட எடுத்து நெத்தில வெச்சிக்குவேன்."

"பேசுறதையும் ஒட்டுக் கேப்பானேக்கா அவன்?"

"கேக்கட்டுமே! சாப்டியா, தலைக்கு எண்ணெ வெச்சியா, துணி தொவச்சியான்னு தெனம் அரை மணி நேரம் கேப்பேன். ரெண்டே நாள்ல வெறுத்துப் போயி ஓடிப்பூடுவான்."