பெரட்டுக்களத்தில் நின்றவர்கள்

ஓடையில் கிடக்கிறேன். வாயெல்லாம் சேறு. தலைக்கு மேலே ஏலச்செடி. இலை கிழிகிறது. தகரத்தில் கல் எறிகிற சத்தம். தட் தட் தட் தட். நிற்கிறது. மறுபடி தட் தட் தட். ஒரு விமானம் போகிறது. இன்னொன்று திரும்புகிறது. அதன் சத்தம் அரிசி மில்லில் பெல்ட் ஓடுவது மாதிரி. பனி விலகிவிட்டது. அதுதான் கெடுதல்.

மேட்டிலிருந்து ஒரு குரல்.

"காட்டுக்குள்ள போங்கடா! காட்டுக்குள்ள!"

என் வீட்டுக்காரர் குரல். அருளப்பன். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு பெரிய சத்தம். அதற்குச் சொல் இல்லை. ஓடைத் தண்ணீர் எழும்பி விழுந்தது. காதில் ஒன்றும் இல்லை.

அது ஆவணி மாதம். ஏலக்காய் எடுப்பு நேரம். உடும்பஞ்சோலைக்கு மேலே எங்கள் தோட்டம். நான் சவரியம்மாள். காய் எடுப்பவள். அருளப்பன் தோட்டத்து வாட்சர். மணி அடிப்பதும் அவர்தான். மணி என்றால் தண்டவாளத் துண்டு. பலா மரத்தில் கட்டித் தொங்கும். இரும்புக் கம்பியால் அடிப்பார். அடித்தால் லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்கள் எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு வர வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். பெண்கள் இடது பக்கம். ஆண்கள் வலது பக்கம். கங்காணி பேர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பிந்தினால் பேர் இல்லை. அன்றைக்கு வேலையும் இல்லை. எங்கள் அம்மாவும் இப்படித்தான் நின்றாள். நான் அவள் வயிற்றில் இருந்தபோதும் நின்றாள்.

சண்டை ஏன் வந்தது என்று எனக்குத் தெரிந்தது கொஞ்சம். எங்கள் அப்பா காலத்துப் பெரிய சண்டையில் கைசர் ஜெயித்தார். ஜெர்மன்காரர்களின் ராஜா. ஆனாலும் இந்தியாவை இங்கிலீஷ் ராஜாவிடமே விட்டுவைத்தார். தனக்குச் சொந்தக்காரர் என்று. இப்போது அவர் பேரன் கைசர். பேரனுக்கு அந்த மனசு இல்லை. பாலக்காட்டிலிருந்து துணி கொண்டுவரும் ராவுத்தர் சொன்னார். கொச்சியில் கைசர் கப்பல் நிற்கிறதாம். பாலக்காட்டில் ரயில் நின்றுவிட்டதாம். அதோடு அவரும் வரவில்லை.

என் நாத்தனார் ராக்கேல் சிரித்தாள். அருளப்பனின் தங்கை. எதற்கும் சிரிப்பாள்.

"அத்தை மவனும் மாமன் மவனும்தான மதினி ரெண்டு பேரும். ஒரு கல்யாணத்தக் கட்டி வச்சா சரியாப் போவும்."

"பொண்ணு யாரு, நீயா?"

"ஏன், எனக்கென்ன கொறச்சல்? கைசருக்கு ஏலக்கா டீ போட்டுக் குடுப்பேன்."

தோட்டத்துத் துரை சித்திரையிலேயே குடும்பத்தோடு போய்விட்டார். ராஜா படம் பங்களாவில் தொங்கியது. கங்காணி இருந்தார். பெரட்டு இருந்தது.

பிறகு ராஜாவின் பட்டாளம் வந்தது. மேட்டில் கம்பியில்லாத் தந்திக் கம்பம் நட்டார்கள். பட்டாளத்து ஐயா ஒருவர் எங்களை நிறுத்திச் சொன்னார். விமானம் வரும். வந்தால் மணி அடிக்கப்படும். மணி கேட்டால் காட்டுக்குள் ஓடிப் படுக்க வேண்டும். விளங்கியதா? கங்காணி தலையாட்டினார். நாங்களும் ஆட்டினோம். மணி அருளப்பன் பொறுப்பு. யாருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

ராக்கேல் காதோரம் சொன்னாள்.

"குண்டு ஒருக்காதான் கடிக்கும் மதினி. காட்டு அட்டை நாள் முச்சூடும் கடிக்கும்."

அன்று காலை பெரட்டு முடிந்தது. சரிவில் இறங்கிவிட்டோம். செடிக்குக் கீழே உட்கார்ந்து காய் எடுக்கிறோம். கூடை பாதி. மணி அடிக்கிறது.

வேகமாக அடிக்கிறது. டங் டங் டங் டங்.

நான் எழுந்தேன். கூடையை இடுப்பில் வைத்தேன். மேலே ஏறினேன். பக்கத்தில்தான் காடு. பத்து எட்டு வைத்தால் காடு. யாரும் வைக்கவில்லை. எல்லோரும் ஏறினோம். மணி அடித்தால் ஏறுவது. கால் அதுவாகப் போனது. தலையில் ஒரே நினைப்பு. ஏன் இரண்டாம் பெரட்டு? பிந்தினால் பேர் போய்விடுமா?

களத்துக்கு வந்தோம். வரிசையில் நின்றோம். பெண்கள் இடது பக்கம். ஆண்கள் வலது பக்கம். ராக்கேல் எனக்கு முன்னால். அவள் சேலையில் ஏலச்சருகு ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டேன்.

அருளப்பன் எங்களைப் பார்த்தார். "ஓடுங்க!" என்று கத்தினார். மணிச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அதனால் இன்னும் பலமாக அடித்தார். பலமாக அடிக்க அடிக்க ஆள் வந்தது. கீழ்ச் சரிவு ஆட்கள் வந்தார்கள். ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர்கள் வந்தார்கள். காய்ச்சலில் கிடந்த கிழவர் ஒருவர் லயத்திலிருந்து கம்பு ஊன்றி வந்தார்.

அப்போது அவருக்கு விளங்கியது. அந்த முகத்தை நான் பார்த்தேன். கம்பியைப் போட்டார். கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

"பெரட்டு இல்லடா! பெரட்டு இல்ல! காட்டுக்குள்ள போங்கடா!"

சிலர் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் சொல்லட்டும் என்று. நானும் பார்த்தேன்.

பெல்ட் சத்தம் வந்தது. மேலிருந்து பார்த்தால் பட்டாளம் அணிவகுத்தது போலத்தான் இருந்திருக்கும். அவ்வளவு நேரான வரிசை.

எப்படி ஓடைக்கு வந்தேன், தெரியாது.

சாயங்காலம் குழி வெட்டினோம். சேர்ந்தாற்போல ஒரே குழி. வேதக்கோயில் சாமியார் வர வழியில்லை. நாங்களே மன்றாட்டுச் சொன்னோம். ராக்கேலின் முகத்தில் ஒரு காயமும் இல்லை. அருளப்பன்தான் இறக்கிப் படுக்கவைத்தார்.

பட்டாளம் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போடிப் பக்கம் இறங்கிப் போனது. மறுநாள் கைசர் ஆட்கள் வந்தார்கள். அடுத்த நாள் காலை தோட்டத்து ஆட்களை எண்ண வேண்டும் என்றார்கள். கங்காணி லயத்து வாசலுக்கு வந்தார்.

"அருளப்பா, காலையில மணிய அடிச்சிரு."

அருளப்பன் அரிவாளை எடுத்துப் போனார். கயிற்றை அறுத்தார். தண்டவாளத் துண்டைத் தோளில் தூக்கினார். பள்ளத்தில் போட்டார். அது கல்லில் மோதிக்கொண்டே இறங்கியது. அந்தச் சத்தத்துக்கும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் திரும்பி வந்தார்.

"இனி மணி இல்ல. யாரும் போவ மாட்டாக" என்றார். "நீ போவாத சவரி."

"சரி" என்றேன்.

விடிந்தது. மணி அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வழக்கமான நேரம். வழக்கமான வழி. நானும் தலைத்துணியைக் கட்டினேன். போனேன்.

களத்தில் குண்டு விழுந்த பள்ளம். அதைச் சுற்றி வரிசை. கைசரின் ஆபீசர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். எங்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கங்காணி பேர் கூப்பிட்டார். ராக்கேல் என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது. சத்தம் இல்லை. அடுத்த பேர்.

செத்தவர்கள் நின்ற இடத்தை விட்டு நின்றோம். யாரும் சொல்லி அல்ல. அப்படித்தான் நின்றோம். கங்காணி அதட்டினார்.

"என்ன எடவெளி? நெருங்கி நில்லுங்க."

நெருங்கி நின்றோம்.

அருளப்பன் பலா மரத்தடியில் நின்று பார்த்தார். அறுந்த கயிறு அவர் தலைக்கு மேலே. கங்காணி அவர் பேரைக் கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்தார். வரிசையில் என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு திரும்பினார். காட்டுக்குள் நடந்தார். ஓடவில்லை. யாரோ சுட்டார்கள். ஒரு தடவை. மரத்தில் பட்ட சத்தம்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. காந்தலூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை என்று இன்னொருவர்.

இப்போது பங்களாவில் கைசர் படம். புது மணி தொங்குகிறது. நல்ல வெண்கலம். ஜெர்மனியிலிருந்து வந்தது.

கைசரின் ஆபீசர் நின்றவர்களை மட்டும் எண்ணினார். மற்றதை நான் எண்ணுகிறேன். குழியில் பதினோரு பேர். அதில் ராக்கேல். கம்பு ஊன்றி வந்த கிழவர். காயத்தோடு கிடந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் செத்தவர்கள் இரண்டு பேர். தண்டவாளத் துண்டு ஒன்று. வரிசையில் நிற்காதவர் ஒருவர்.

நின்றவர்கள் மற்ற எல்லோரும். அதில் நான் ஒருத்தி.