ஒரு நாள் பூ

இல்ல டாக்டர், இன்னிக்குக் காலையிலதான். எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். பூப்பறிக்கப் போனேன், வாலு செடிகிட்ட நின்னு மென்னுட்டு இருந்துச்சு. ஆமா, வாலுதான் பேரு. என் பையன் தூக்கிட்டு வந்த பூனை, அவன் வச்ச பேரு. அவன் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப மருமகதான் வளக்குறா. வெளியில பெஞ்சில உக்காந்திருக்காளே, அவதான். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுங்களேன், காத்து அடிக்குது.

கொண்டு வந்திருக்கேன், பையில இருக்கு. கடிச்ச பூவை எடுத்துட்டு வாங்கன்னு போன்ல சொன்னீங்கல்ல, இந்தாங்க. டேலிலின்னு லில்லி மாதிரி ஒரு பூ. மஞ்சள். பத்தொம்பது வருஷமா வளக்குறேன். குளிர் விட்டதும் மண்ணைக் கிழிச்சுட்டு மூக்கை நீட்டும், அப்பவே காஞ்ச பழைய இலையெல்லாம் உருவிடணும். வெயில் ஏறுச்சுன்னா தண்டு விடும். பூத்து ஓஞ்சதும் தண்டை அடியோட வெட்டணும். மூணு வருஷத்துக்கு ஒருக்கா தோண்டி, தூரைப் பிரிச்சு நடணும், இல்லேன்னா ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டு பூக்கவே பூக்காது. மறுபடி குளிர் வந்தா சருகு போட்டு மூடி...

சொல்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். படபடன்னு வருது டாக்டர், பேசினா கொஞ்சம் அடங்குது.

மருமக சொன்னா. தளிர் விட்டப்பவே சொன்னா. அத்தை, இது பூனைக்கு ஆகாதாம், கிட்னியையே காலி பண்ணிடுமாம், எடுத்துடலாம்னு. என் வீட்ல என் செடியைப் பிடுங்கச் சொல்ல நீ யாருன்னு கேட்டேன். ஆமா, அப்படியேதான் கேட்டேன். புருஷன் போன வீட்ல எனக்குத் துணையா இருக்கிற பொண்ணைப் பாத்து. அவ அழல. கடைக்குப் போய் வலை வாங்கிட்டு வந்து, அவளே குச்சி நட்டுக் கட்டினா. காலையில பூ கிள்ளி முடிச்சதும் வலையை இழுத்து விட்டுடுங்க அத்தைன்னா. அவ்வளவுதான் கேட்டா. ஒரு வலையை இழுத்து விடத் துப்பில்ல எனக்கு.

அவங்க அம்மா தினம் கூப்பிடுறாங்க, வந்துடு வந்துடுன்னு. அங்க நாய் இருக்கு, வாலு பயப்படும்னு சொல்லிச் சொல்லியே இவ போகாம இருக்கா. புரியுதுங்களா? வாலு போச்சுன்னா அவளும் போயிடுவா. எனக்கு வேற யாரும் இல்ல டாக்டர்.

என்ன ஊசி அது? வாந்தி எடுக்க வைக்கவா? இப்பத் தின்னிருந்தாத்தான் பிரயோஜனமா? நேரம் ஆயிருந்தா? ஓ. அப்போ வேற வைத்தியமா.

ஏன் அந்தப் பூவை அப்படிப் பாக்குறீங்க? பையில கசங்கியிருக்கும்...

கசங்கல. இந்தப் பூ காலையில விரியும், ராத்திரிக்குள்ள மூடிக்கும், மறுநாள் கொழகொழன்னு ஆயிடும். ஒரு நாள்தான் ஆயுசு. தினம் காலையில நேத்துப் பூவைக் கிள்ளி எறியறதுதான் எனக்கு வேலையே. இன்னிக்கு விரிஞ்சதுன்னா இந்நேரம் பளிச்சுன்னு இருக்கணும்.

ஊசியைக் கீழ வைங்க டாக்டர். அது முந்தாநாள் பூ. கிள்ளிப் போடுற வாளியில கிடந்ததைத் தேடி எடுத்துட்டு வந்தேன். வாலு தின்னதை அன்னிக்கே பாத்தேன். அன்னிக்கே வாந்தியும் எடுத்துச்சு, மஞ்சத் துணுக்கு துணுக்கா. அவ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள துடைச்சுட்டேன். நேத்து நல்லா ஓடியாடுச்சு, தப்பிச்சோம்டா சாமின்னு நினைச்சேன். இன்னிக்குக் காலையிலேருந்துதான் துணி மாதிரி கிடக்கு.

என்னை அப்புறம் திட்டுங்க, முதல்ல அதைப் பாருங்க. டிரிப்ஸ் ஏத்தணுமா? அசையாமப் பிடிக்கணும்னா அவ கைதான் வேணும், வேற யார் தொட்டாலும் பிராண்டும். கதவைத் திறந்து கூப்பிடுங்க அவளை. வந்து வாலுவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கட்டும். அப்பச் சொல்லிடுறேன். அப்பத்தான் எந்திரிச்சுப் போக மாட்டா.