எந்த பாஷையில் ராஜி

2007 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். இருபத்துநாலு இஞ்ச் பைப் ரெஞ்ச்சை நான் மூன்று முறை வீசினேன். இரண்டு வீச்சு ஆள்மேல் பட்டது, ஒன்று கண்ணாடியில் பட்டது. புகாரில் எட்டு அடி அடித்ததாக இருப்பது தவறு.

என் பெயர் லிங்கராஜ், தகப்பனார் பெயர் இசக்கி, வயது 26. சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம் ஆலங்குளம். இப்போது விழிஞ்ஞத்தில் வாடகை வீட்டில் மனைவி சுஜாவுடன் இருக்கிறேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். நான் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படித்தவன். மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது. அதனால் தமிழ் எழுதத் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் நேசையன் ஸார் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

2001 நவம்பர் முதல் விழிஞ்ஞம் நீலவேணி ஐஸ் பிளாண்டில் அமோனியா கம்ப்ரஸர் என் பொறுப்பு. என்னையும் சேர்த்துப் பதினான்கு தொழிலாளிகள். மேனேஜர் நெல்லையப்பன், சாலை பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

கோவளம் பக்கம் புதிதாகக் கட்டிய ஹோட்டலில் ஏ.ஸி. பிளாண்ட் ஆப்பரேட்டர் வேலை தருவதாக லெட்டர் வந்தது. பிப்ரவரி 26-ஆம் தேதி அண்ணாச்சியிடம் வேலையை விடுகிறேன் என்று வாயால் சொன்னேன், எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அதன் பிறகு மார்ச் 1-ஆம் தேதி ஹோட்டலுக்குப் போனேன். கேட்டில் பூட்டும் பூட்டுக்கு மேல் பேங்க் நோட்டீஸும் இருந்தன. வாட்ச்மேன், "ஹோட்டல் ஜப்தி ஆயி மோனே, எனக்கே சம்பளம் ஆரு தருமோ" என்றான். அதன் பிறகு நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டு மார்ச் 5-ஆம் தேதி திரும்பவும் பிளாண்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "கோவளத்து சாயிப்பு உன்ன வேண்டாம்னுட்டானாடே?" என்று சிரித்தார். அதன் பிறகு, "போட்டும், ராஜியாப் போயிருவோம். ஓமனா ஒரு பேப்பர் எழுதும், நீ ஒரு ஒப்பு போட்டுட்டு மெஷினப் போய்ப் பாரு" என்றார். ஆபீஸ் கிளார்க் ஓமனா அக்கா மலையாளத்தில் நாலு வரி எழுதினார். எழுதும்போது என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தை ஸார் கவனமாக எழுத வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு பேர் சண்டையை முடித்துச் சமாதானமாகப் போனால் அது ராஜி. மலையாளத்தில் வேலையை விட்டால் அது ராஜி. இரண்டும் எனக்குத் தெரியும், மந்திரிமார் ராஜி வைப்பதை டி.வி.யில் நானும் கேட்கிறேன். ஆனால் அண்ணாச்சி என்னிடம் பேசியது தமிழ். தமிழில் சொன்னதால் தமிழ் ராஜி என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் சொல்லி மலையாளத்தில் எழுதி வாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு மார்ச் 31 வரை வேலை பார்த்தேன். அன்று சாயங்காலம் பிளாண்டை மூடிவிட்டதாக போர்டு வைத்தார்கள். கம்பெனி மூடி வேலை போனால், ஈ.எஸ்.ஐ.யில் ஐந்து வருடம் கட்டியவனுக்கு ஆறு மாதம் பாதிச் சம்பளம் உண்டு. பிள்ளை பிறந்து நான் வேறு வேலை தேடும் வரை அதை வைத்துத்தான் வீட்டு வாடகை கொடுப்பதாக இருந்தோம். தானாக விட்டுப் போனவனுக்கு அது கிடையாது. பதின்மூன்று பேருக்குக் கம்பெனி படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. எனக்குக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 16-ஆம் தேதி ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்த ஸார் என் ஃபைலில் இருந்த மார்ச் 5-ஆம் தேதிப் பேப்பரின் காப்பியை வாசித்துக் காட்டினார். சொந்த இஷ்டப்படி மார்ச் 1 முதல் ராஜி வைக்கிறேன் என்று நான் எழுதியதாக இருந்தது. அதற்கு மேல் வேலை பார்த்த நாட்கள் தினக்கூலிக் கணக்கில் இருந்தன. அவர் மேல் குற்றமில்லை. கம்பெனி திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் பார்க்கலாம் என்று புதுப் படிவம் கொடுத்தார். வீட்டில் சுஜாவிடம் சொன்னேன். அவள் இங்கே பள்ளியில் படித்தவள். "ஒரு தடவ எங்கிட்ட காட்டிக்கூடாயிருந்தா? நான் வாயிச்சிருப்பேனே" என்றாள்.

மறுநாள் படிவத்தோடு பிளாண்டுக்குப் போனேன். என் டூல் பாக்ஸும் அங்கே கிடந்தது. ரெஞ்ச் என்னுடையது. தற்செயலாகக் கையில் கிடைத்தது என்று எழுத வேண்டாம், டூல் பாக்ஸை முதலில் எடுத்துக்கொண்டுதான் அண்ணாச்சியைத் தேடினேன். அவர் மெஷின் ரூமில் பழைய பைப் எடை பார்த்துக்கொண்டிருந்தார். ஓமனா அக்கா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

படிவத்தை நீட்டினேன். அண்ணாச்சி மலையாளத்தில் பேசினார். "நீ ராஜி வெச்சதல்லேடா?"

"தமிழ்ல பேசுங்க அண்ணாச்சி. அன்னைக்கு தமிழ்லதானே பேசுனீங்க."

"மந்திரி ராஜி வெச்சா பேப்பர்ல போட்டோ வரும். ஒனக்கு அதும் இல்ல, என்ன செய்ய? பொண்டாட்டிய மாமனார் வீட்டுல விட்டுட்டு கட்டுமரம் தள்ளப் போடே."

படிவத்தைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, நான் அவர் சட்டையைப் பிடித்து ஐஸ் கேன் அடுக்கில் மோதினேன். முதலில் கை வைத்தது நான். அதன் பிறகு அவர் ஐஸ் இழுக்கும் கொக்கியை எடுத்து வீசினார். இடது காதில் மாட்டி இழுத்தார். காது மடல் கிழிந்து தொங்கியது, ஏழு தையல். அதன் பிறகு நான் ரெஞ்ச்சை எடுத்தேன். முதல் வீச்சு வலது முட்டி. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது, அவர் விழுந்தார். இரண்டாவது வீச்சுக்கு அவர் உருண்டுவிட்டார், அது ரிசீவர் டேங்கின் லெவல் கிளாஸில் பட்டது. கண்ணாடி உடைந்து அமோனியா அடித்தது. அந்த நேரத்திலும் அவர் கொக்கியை விடவில்லை. மூன்றாவது வீச்சு கொக்கி பிடித்த கை, மணிக்கட்டு.

ஓமனா அக்கா அலறிக்கொண்டு வெளியே ஓடினார். கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. சட்டையைக் கழற்றித் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு, மேல் வால்வையும் கீழ் வால்வையும் மூடினேன். அதன் பிறகு அவரைக் காலரைப் பிடித்து வாசல் வரை இழுத்துப் போட்டேன். காப்பாற்றினேன் என்று எழுத வேண்டாம். வால்வை மூடுவது என் வேலை. அவர் வழியில் கிடந்தார்.

வாசலில் அவர் இருமிக்கொண்டு கிடக்கும்போது படிவம் என் பாக்கெட்டில் நனைந்து இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். நான் உடைத்தது வலது மணிக்கட்டு.

இன்று காலை அவருடைய மைத்துனர் ஸ்டேஷனுக்கு வந்து, "கேஸ் எதுக்கு தம்பி, ராஜியாப் போயிருவோமே" என்றார். எந்த பாஷையில் என்று கேட்டேன். அங்கே இருந்த ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. நேசையன் ஸார் எழுதியதைத் தவிர வேறு எந்தப் பேப்பரிலும், சுஜா வாசித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

2. அடித்ததை எந்தக் கோர்ட்டிலும் மறுக்க மாட்டேன். மூன்று வீச்சு, இரண்டு அடி.

3. மார்ச் 5-ஆம் தேதி அண்ணாச்சி என்னிடம் எந்த பாஷையில் பேசினார் என்று சொல்ல ஓமனா அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன். அது ஒன்று மட்டும் சொன்னால் போதும்.

4. ஜெயிலில் மலையாள எழுத்துப் படிப்பேன்.

5. அண்ணாச்சியின் கை கூடும் வரை காத்திருப்பேன். படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பெருவிரல் ரேகை செல்லாது என்று ஈ.எஸ்.ஐ. ஸார் படிவம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

ஸார் எழுதியதை நானே இரண்டு முறை வாசித்தேன். நான் சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றுதான், ஒரே பாஷைதான். உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) இ. லிங்கராஜ்
18.4.2007, பிற்பகல் 4.10