பல் டாக்டருக்கு ஓர் அர்ச்சனை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, மலேசியாவில் பாடாங் செராயிலிருந்து கூலிம் போகும் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் அர்ச்சனைத் தட்டு.

"எங்க வீட்டுக்காரரு வயித்து வலி பல்லுல இருந்துச்சு" என்றார் அவர்.

நாளிதழை விரித்தபடியே வைத்திருந்தேன். அதன் பிறகு ஒரு வரி படிக்கவில்லை.

"என்னாக்கா சொல்றீங்க?" என்றாள் இளையவள்.

"வயித்துல புண்ணு. கிருமியாம்லா. மருந்து சாப்பிட்டா போவும், ரெண்டு மாசத்துல திரும்பி வரும். மாமியா நான் அரைக்கிற மொளகாச் சம்பலத்தான் குத்தம் சொன்னாங்க. ஒம்பது வருசமா வீட்டுல மொளகாயே இல்ல. அப்பயும் ரத்த வாந்தி. பொழைக்கமாட்டாருன்னே நெனச்சேன்."

"அப்புறம்?"

"பல்லு புடுங்கப் போனாரு. அங்க ஒரு சீன டாக்டரம்மா பாத்தா, ஈறெல்லாம் அழுகிக் கெடக்கு. வயித்துக் கிருமி அங்கயும் ஒளிஞ்சிருக்கலாமாம். ஈறச் சுத்தம் பண்ணாங்க, ஆஸ்பத்திரி மருந்தும் மறுபடி சாப்பிட்டாரு. ஒரு வருசமா வலியில்ல. நேத்து பயந்து பயந்து சம்பல் அரைச்சேன். மூணு தடவ கேட்டு வாங்கித் தின்னாரு. காலையில சிரிச்சிக்கிட்டு எந்திரிக்கிறாரு. ஒடனே அந்தம்மாவுக்கு அர்ச்சன பண்ணத் தட்ட எடுத்துட்டேன்."

நான் நாக்கால் என் ஈறுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா பேருக்கா அர்ச்சன? ஐயரு நச்சத்திரம் கேப்பாரே. சீனங்களுக்கு ஏதுக்கா நச்சத்திரம்?"

"என்னுதச் சொல்லிடுவேன்லா. மாமியா அத ராசியில்லாத நச்சத்திரம், புருசனுக்கு ஆகாதுன்னாங்க. புருசன் பொழச்சிட்டாருல்ல, இப்ப அந்தம்மாவுக்குத் தாராளமாக் குடுக்கலாம்."