வளரக் கூடாத காடு

ஏரிக்கரைக் குட்டிக்காட்டில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு கன்றை நட்டுவிட்டு, அதைக் கட்டிப்பிடிக்காத குறையாகப் படம் எடுத்துக்கொண்ட மடையன் நான். பூந்தமல்லியில் ஏறிய ஆவடி பஸ்ஸில் அந்தப் பழைய படங்களை ரசித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏரிக்கரைல வச்சாங்களே காடு, அது வளரவே கூடாதுன்னு மாங்காட்டு அம்மனை வேண்டிகினு வரேன்.”

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். “இன்னாக்கா, தண்ணி ஊத்தற நீயே இப்டி சொல்றே?”

“பின்ன? எங்க ஊட்டையெல்லாம் இடிச்சிட்டுத்தான் அங்க காடு வச்சாங்க. அப்புறம் எனக்கே தண்ணி ஊத்தற வேலையும் குடுத்தாங்க. நெருக்கமா நட்டதால ஒண்ணுக்கொண்ணு போட்டி போட்டுகினு மளமளன்னு ஏறுது. இனிமே தண்ணியே வேணாமாம், தானா வளந்துக்குமாம். இந்த மாசத்தோட நின்னுக்கோன்னு சொல்லிட்டாங்க.”

“அப்பால சோத்துக்கு?”

“அதத்தான் அம்மன்கிட்ட கேட்டுட்டு வரேன்.”

இந்த முறை பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. என் வாய்தான் சும்மா இருக்காதே. எட்டிப் பார்த்து, “வளர்ந்தா உங்களுக்கு நல்ல நிழல் கிடைக்குமேம்மா” என்றேன்.

தண்ணீர் ஊற்றுபவள் திரும்பாமலே சொன்னாள்.

“வேலி போட்டுப் பூட்டிகீறாங்க சார், நெழலு உள்ளதான் கீது.”