மீனம்மாவின் பல்லில் பூசிய மருந்து பற்றி ஆண்டியப்பன் சொன்னது

1982 ஜூன் 14ஆம் திகதி காலை, பொலிஸ் நிலையத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சின்னையா ஆண்டியப்பன். வயது 26. செட்டிகுளத்தில் குடியிருக்கிறேன். பிறந்தது மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977ஆம் ஆண்டு கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இங்கே வந்தோம். தொழில் வயல் கூலி. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பல் வெள்ளையாக்கும் தில்லைநாதன் என்பவர், தன் மருந்துப் போத்தலைக் கொட்டி முகக்கண்ணாடியை உடைத்ததாக என்மேல் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது சம்பந்தமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இருக்கும் பழனியாண்டி என்பவரின் மகள் மீனம்மா. வயது 21. அவளை எனக்குப் பேசி, சித்திரை மாதம் நிச்சயம் செய்தார்கள். மீனம்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய முன்பற்களில் மண் நிறத்தில் கோடுகள் உண்டு. இந்தப் பக்கத்தில் பிறந்த பல பிள்ளைகளுக்கு அப்படித்தான். நிச்சயம் முடிந்த பின் வவுனியாவில் படம் பிடிக்கப் போனோம். படம் பிடித்தவர் மீனம்மாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொன்னார். அதன் பின் அவள் சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். என் முன்னாலும் அப்படித்தான்.

மே மாதக் கடைசியில் அவள் என்னிடம், பஸ் நிலையத்தில் ஒருவர் பல்லை வெள்ளையாக்குகிறாராம், கல்யாணத்துக்கு முதல் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். நான் சரி என்றேன். இதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்: அவள் கேட்டபோது எனக்கும் உள்ளே ஆசை இருந்தது. வேண்டாம் என்று ஒரு தடவை நான் சொல்லியிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள்.

மே 31ஆம் திகதி பகல் பதினொரு மணியளவில் போனோம். தில்லைநாதன் அவளை முக்காலியில் இருத்தினார். தான் கொழும்பில் பல் டாக்டரிடம் வேலை செய்ததாகச் சொன்னார். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. முரசில், அதாவது பல் ஈறில், புண் இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை. குச்சியில் சுற்றிய பஞ்சைப் போத்தலில் தோய்த்துப் பல்லில் தேய்த்தார். மீனம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயிலுக்கு நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் சேர்ட் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்த பின் கண்ணாடியைக் கொடுத்தார். பல் வெள்ளையாகத்தான் இருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் நான் ஏதோ சொல்ல, அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று பின்னேரமே அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. மறுநாள் உதடு வெந்து, முரசு வெளுத்துத் தோல் உரிந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பல் வைத்தியரான பெண் டாக்டர் பார்த்துவிட்டு, பூசியது அசிட் என்றார். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“தம்பி, வெள்ளையாக்க முதல் நிறம் ஏன் மாறினது எண்டு பாக்கோணும். இது ஊத்தை இல்லை. சின்ன வயசிலை குடிச்ச கிணத்துத் தண்ணியாலை வந்தது, பல்லோடை சேந்து வளந்த நிறம். இப்பிடித் தேய்ச்சா நிறம் போகாது, பல்லுத்தான் கரையும்.”

முதலில் தன்னிடம் வந்து கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன் என்றும், அந்தப் பற்கள் நல்ல பலமான பற்களாக இருந்தவை என்றும் சொன்னார். படித்தவர்கள் முறைப்படி செய்தாலும் அந்த வெள்ளை என்றைக்கும் நிற்காது என்றார். பத்து நாளில் புண் ஆறியது. மண் நிறக் கோடுகள் திரும்பத் தெரிந்தன. முன்பற்கள் இரண்டில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்னும் கூசுகிறது.

இதற்கிடையில் பழனியாண்டி என்னிடம் வந்து, வேறு இடம் பார்க்கும்படி மகள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மீனம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். அங்கே நின்றபடியே கேட்டாள்.

“அன்னிக்கி பஸ்ஸுல நான் சிரிச்சது ஒங்களுக்குப் புடிச்சிருந்திச்சில்ல?”

“புடிச்சிருந்திச்சு. பல்லுக்காக இல்ல. கைய எடுத்துட்டுச் சிரிச்சியே, அதுக்காக.”

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள்.

அதன் பின், போன வெள்ளிக்கிழமை 11ஆம் திகதி, நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. நடந்ததைச் சொல்லி இனிமேல் செய்யவேண்டாம் என்று கேட்கத்தான் போனேன். அங்கே முக்காலியில் வேறொரு பெண் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு இருந்தது. தில்லைநாதன் பஞ்சைத் தோய்த்துக் கையில் வைத்திருந்தார். நான், “அத மொதல்ல ஒங்க பல்லுல ஒரு தடவ பூசிக் காட்டுங்க,” என்றேன். அவர் பூசவில்லை. இரண்டாம் முறையும் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பஞ்சைக் கீழே வைத்தார். நான் போத்தலை எடுத்துச் சீமெந்துத் தரையில் கொட்டினேன். தரை நுரைத்தது. அதைப் பார்த்த பிள்ளை எழுந்து தாயிடம் போய்விட்டது. கண்ணாடி என் முழங்கை பட்டுத்தான் விழுந்து உடைந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். தில்லைநாதனை நான் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை.

மீனம்மாவுக்கும் எனக்கும் கல்யாணம் அடுத்த மாதம் 4ஆம் திகதி நடக்க இருக்கிறது. விசாரணைக்கு அன்று அல்லாமல் எந்த நாள் கூப்பிட்டாலும் வருவேன்.

எழுதி முடித்த பின் இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் மீனம்மாவின் “பழுதான பற்கள்” என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி நான் சொல்லவில்லை என்று சொல்லி, “பழுதான” என்பதை வெட்டச் சொன்னேன். வெட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சி. ஆண்டியப்பன்